கத்தரிக்கோலும் செய்தியோடையும்

1987 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நூலக அறிவியல் படித்துவிட்டு, பகுப்பெண் போடலாம், அட்டவணை எழுதலாம் என்று கனவோடு போனவள் நான். தலைமை நூலகர் என் முன்னால் ஒரு கத்தரிக்கோலையும், மைதாப் பசை நிரப்பிய ஹார்லிக்ஸ் பாட்டிலையும் தள்ளிவைத்தார். "முதல்ல இதைப் பழகும்மா" என்றார்.

பழகினேன். முந்தைய நாள் செய்தித்தாளைத்தான் வெட்ட வேண்டும். அன்றைய தாள் வாசகருக்கு. வெட்டிய துண்டை வெள்ளைத் தாளில் ஒட்டி, வலது மேல் மூலையில் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் சிவப்பு மையில் எழுத வேண்டும். தேதி இல்லாத கட்டிங் குப்பை என்பது அவருடைய சட்டம். பிறகு துளை போட்டு, டேக் நூலில் கோத்து, அந்தந்தத் துறைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு என்ன வெட்டுவது என்பதற்கு ஒரு மர இழுப்பறை இருந்தது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் அட்டை. பொருளியல் பேராசிரியரின் அட்டையில் 'கூட்டுறவுக் கடன், உர விலை, தாமிரபரணிப் பாசனம்' என்றும், தாவரவியல்காரரின் அட்டையில் 'முண்டந்துறைக் காடு, மூலிகை' என்றும் இருக்கும். எல்லாம் அவரவர் கையெழுத்து. ஒரு நாள் ஆர்வக்கோளாறில் தமிழ்த்துறைத் தலைவரின் அட்டையில் 'நாட்டார் வழக்காறு' என்று நானாகவே எழுதிவிட்டேன். தலைமை நூலகர் பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தார். "அவருக்கு என்ன வேணும்னு அவர் சொல்லணும். நீ சொல்லக்கூடாது."

அந்த வேலையில் தீராத தலைவலி ஒன்று உண்டு. முன்பக்கத்தில் உர விலை. அதற்கு நேர் பின்பக்கத்தில் முண்டந்துறையில் மரம் கடத்தியவர்கள் பிடிபட்ட செய்தி. ஒன்றை வெட்டினால் மற்றது போய்விடும். இரண்டாம் பிரதி வாங்க நூலகத்தில் காசு கிடையாது. சிறிய செய்தி எதுவோ அதை என் கையாலேயே எழுதி ஒட்டுவேன். முப்பத்திரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றபோது, அந்தக் கோப்புகளில் என் கையெழுத்தில் சில நூறு செய்திகள் இருந்தன.

இந்தக் கத்தரிக்கோலுக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிஸில் 1879இல் தொடங்கிய ஆர்கஸ் த லா பிரெஸ் என்ற நிறுவனம், தம்மைப் பற்றி எந்தத் தாளில் என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளத் துடித்த ஓவியர்களுக்கும் நடிகர்களுக்கும் வெட்டி அனுப்பியே பிழைத்தது. கிரேக்கக் கதையில் வரும் நூறு கண் அரக்கனின் பெயர் அதற்கு. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு, ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் திரட்டி 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்று வெளியிட்டார். 1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், வாசகர் ஒவ்வொருவரின் விருப்பப் பட்டியலையும் கணினிக்குள் வைத்து, வருகிற ஆவணங்களை அதோடு ஒப்பிட்டு, பொருந்தியதை மட்டும் அனுப்பும் முறையை எழுதினார். எங்கள் மர இழுப்பறை அந்த முறையின் ஏழைத் தங்கச்சி. கார்ஃபீல்டுக்கும் லூனுக்கும் முன்பே, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை 20 ஆண்டுகள் நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகளை வெளியிட்டபோது நான்காவதாக ஒன்று வைத்தார்: வாசகரின் நேரத்தைச் சேமி.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இப்போது ஒரு பழைய லேப்டாப் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது செய்வது நான் 1987இல் செய்த அதே வேலை. பின்பக்கத் தலைவலி மட்டும் அதற்கு இல்லை.

*

இணையம் வந்தபோது அங்கேயும் இந்தச் சிக்கல் முளைத்தது. படிக்க வேண்டிய தளங்கள் முப்பது. புதிதாக ஏதாவது வந்ததா என்று பார்க்க முப்பதையும் தினமும் திறக்க வேண்டும். 1996இல் பாயிண்ட்காஸ்ட் என்ற நிரல் செய்திகளைத் தானே இழுத்துவந்து, சும்மா கிடக்கும் கணினித் திரையில் ஓட்டியது. அலுவலக இணைப்பையே அது குடித்துத் தீர்க்கிறது என்று பல நிறுவனங்கள் அதைத் தடை செய்தன. 1997இல் மைக்ரோசாஃப்ட் தன் 'சேனல்' கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அது வேர் பிடிக்கவில்லை.

பிடித்தது நெட்ஸ்கேப் போட்ட விதை. மை நெட்ஸ்கேப் என்ற தன் முகப்புப் பக்கத்தில் வெளித் தளங்களின் தலைப்புகளையும் காட்ட நினைத்த நிறுவனம், அதற்காக 1999 மார்ச்சில் ஒரு சின்னக் கோப்பு வடிவத்தை வெளியிட்டது. அதன் பின்னால் இருந்தவர்கள் ஆர். வி. குஹா, டான் லிபி. குஹா சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். ஆப்பிளில் இருந்தபோதே தகவலைப் பற்றிய தகவலை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர். வடிவத்தின் பெயர் ஆர்எஸ்எஸ்.

இந்தப் பெயரைச் சொல்லி நான் பட்ட பாடு தனி. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு கூட்டத்தில், "நான் காலையில எழுந்ததும் ஆர்எஸ்எஸ்தான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து 'செய்தியோடை' என்றே சொல்கிறேன்.

அந்த மூன்றெழுத்துக்கு விரிவு என்ன என்பதிலேயே சண்டை நடந்தது. முதலில் 'ஆர்டிஎஃப் சைட் சம்மரி'. நான்கு மாதத்தில், 1999 ஜூலையில், 0.91 என்ற பதிப்பில் வடிவத்தை எளிமையாக்கி 'ரிச் சைட் சம்மரி' என்றார்கள். பிறகு நெட்ஸ்கேப் கைவிட்டது; 2001 ஏப்ரலில் மை நெட்ஸ்கேப்பிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. பெற்றவர் விட்டுப்போன பிள்ளையை வளர்க்க இரண்டு கூட்டம் வந்தது. 1997 டிசம்பரிலேயே இதுபோன்ற ஒன்றைத் தன் தளத்துக்குச் செய்துவைத்திருந்த டேவ் வைனர், எளிமையே போதும் என்றார். அடுத்த கூட்டம், வருங்காலத்தில் எதையும் சேர்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்றது; 2000 டிசம்பரில் அவர்கள் 1.0 என்று எண் போட்டு வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 14. அதே மாதம் வைனர் 0.92 வெளியிட்டார், 2002இல் 2.0 வந்தது, விரிவு 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்' ஆனது. இந்தப் பங்காளிச் சண்டையைப் பொறுக்காத மூன்றாவது கூட்டம் ஒன்று ஆட்டம் என்று வேறு வடிவமே செய்து, 2005 டிசம்பரில் அதை முறையான இணையத் தரமாக்கியது. வாசகருக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இன்றைய நிரல்கள் எல்லா வடிவத்தையும் படித்துவிடும்.

கோப்பைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும், அவ்வளவு சாதாரணம். மேலே தளத்தின் பெயர், முகவரி. அதன் கீழே ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு தலைப்பு, ஒரு இணைப்பு, ஒரு சுருக்கம், ஒரு தேதி. என் சிவப்பு மைத் தேதியை அங்கே பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. நெட்ஸ்கேப் காலத்துக் கோப்பில் 15 உருப்படிக்கு மேல் கூடாது. 'இன்ன மணியில் என்னிடம் வந்து கேட்காதே' என்று தளம் சொல்லிவைக்கவும் ஓர் இடம் உண்டு. மதியத் தூக்கம் தூங்குகிறவர்கள் வாசலில் பலகை மாட்டுவார்களே, அப்படி.

படிக்கிற நிரலின் வேலையும் எளிது. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை போய்க் கதவைத் தட்டும். போன தடவை தளம் கொடுத்தனுப்பிய அடையாளச் சீட்டைக் காட்டி, "இதற்குப் பிறகு ஏதாவது உண்டா?" என்று கேட்கும். இல்லையென்றால் தளம் 304 என்ற எண்ணை மட்டும் சொல்லும். மாற்றமில்லை என்று பொருள். மேற்கொண்டு ஒரு வரிகூட வராது. இருந்தால் கோப்பு வரும். யாரும் யாருடைய திரையிலும் எதையும் தள்ளுவதில்லை. வாசகர் போய்க் கேட்கிறார், தளம் பதில் சொல்கிறது. 0.92இல் வைனர் இந்த உருப்படியோடு ஒலிக்கோப்பையும் இணைக்க வழி செய்தார். இன்று பாட்காஸ்ட் கேட்கிறவர்களில் பலரும், பெயர் தெரியாமலேயே, இந்த ஓடையில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

நெட்ஸ்கேப் கைவிட்ட பிறகும் ஒரு கயிறு அறுபடாமல் இருந்தது. 0.91 ஓடைகள், தங்கள் இலக்கணம் நெட்ஸ்கேப்பின் தளத்தில் இருக்கிற ஒரு கோப்பில் உள்ளது என்று தலையிலேயே எழுதிவைத்திருந்தன. 2007 ஜனவரியில் அந்தக் கோப்பு அங்கே காணாமல் போனது. அதைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கமுள்ள நிரல்கள் முழித்தன. நெட்ஸ்கேப்காரர்கள் கோப்பைத் திரும்ப வைத்து, அந்த ஆண்டு ஜூலை வரை கெடு கொடுத்தார்கள். இன்னொருவர் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து நம் படத்தை மாட்டினால் இதுதான் நடக்கும்.

*

தமிழில் இந்தக் கதை சூடு பிடித்தது 2004இல். அதற்கு முன்னால் எழுத்துருச் சண்டை ஓயவேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம்; அதை இறக்கி நிறுவினால்தான் தமிழ், இல்லையென்றால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகவும் கிறுக்கலாகவும் தெரியும். எழுத்துக் குறியாக்கத்திலும் டிஸ்கி ஒருபக்கம், டாப், டாம் இன்னொருபக்கம். யூனிகோடு வந்து நிலைத்த பிறகுதான் ஒரு தளத்தின் தமிழ் இன்னொரு தளத்திலும் தமிழாகவே தெரிந்தது. ஓடைக்கு அது உயிர்நாடி. பல இடத்து எழுத்தை ஒரே பக்கத்தில் சேர்க்க வேண்டுமே.

வலைப்பதிவு எழுதியவர்கள் அப்போது கனடாவிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் வளைகுடாவிலும் கோயம்புத்தூரிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுடைய ஓடைகளை ஒன்றாக்கி, யார் புதிதாக எழுதினாலும் ஒரே பக்கத்தில் தெரியும்படி 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு தேன்கூடு, தமிழ்வெளி என்று வேறு சிலவும் வந்தன. இவற்றை நாங்கள் 'திரட்டி' என்றோம். எந்த அகராதிக் குழுவும் கூடாமல், பதிவர்களே புழங்கிப் புழங்கி நிலைநிறுத்திய சொற்கள் பல அன்று பிறந்தன: திரட்டி, ஓடை, இடுகை, மறுமொழி, பின்னூட்டம். கலைச்சொல்லாக்கத்தைப் பாடமாகப் படித்த எனக்கு, அது கண்முன்னால் நடப்பதைப் பார்ப்பது திருவிழா போல இருந்தது.

இரவு சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, தொலைபேசிக் கம்பியில் மோடத்தைக் கத்தவிட்டுத் தமிழ்மணத்தைத் திறப்பேன். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக வைப்பார்கள். யார் இடுகைக்கு மறுமொழி வந்திருக்கிறதோ அது மேலே மிதந்து வரும். அங்கேதான் ஓர் உண்மையைக் கவனித்தேன். மறுமொழியால் மேலே வரலாம் என்று தெரிந்ததும், சண்டை போட்டவர்கள் மேலே வந்தார்கள்; குளத்துப் பறவைகளைப் பற்றி நிதானமாக எழுதியவர் பத்து நிமிடத்தில் கீழே போய்விட்டார். திரட்டிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த நேரத்தையும் காசையும் போட்டு நடத்தினார்கள். அது இல்லாமல் தமிழில் அத்தனை பேர் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்றால் அதில் சத்தம்தான் ஜெயிக்கும். எனக்கு என் அட்டை வேண்டியிருந்தது.

*

அட்டை கூகுளிடம் இருந்தது. 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. எனக்குப் பிடித்த பதிவர்களின் ஓடைகளையும், நூலகத் துறை ஓடைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இடதுபக்கம் பெயர்கள், படிக்காதது தடித்த எழுத்தில். படித்தால் மெலியும். பறவைக்காரர் ஆறு மாதம் எழுதாமல் இருந்து ஏழாவது மாதம் எழுதினாலும் அவர் பெயர் தடித்து நிற்கும். அந்தத் தடிப்பைப் பார்க்கிற சந்தோஷம் தபால்காரர் காலத்துச் சந்தோஷம்.

2011 கடைசியில் அதன் பகிரும் வசதியைப் பிடுங்கித் தன் சமூக வலைத்தளத்தின் பக்கம் தள்ளினார்கள். 2013 மார்ச் 13 அன்று, மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஜூலை 1 கடைசி நாள். ஜூலை 15 வரை அவரவர் தரவை எடுத்துக்கொள்ளலாம். நான் நம்பவில்லை. லட்சம் பேர் மனுப்போட்டால் மனம் மாறுவார்கள் என்று இருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன்தான் ஜூன் கடைசி வாரம் போன் செய்து பிடிவாதமாகச் சொன்னான். "அத்தை, ஓபிஎம்எல் ஃபைலை மட்டும் இறக்கி வச்சுக்கோங்க. மத்தது போனா போகட்டும்."

ஓபிஎம்எல் என்பது ஓடை முகவரிகளின் பட்டியல். அதையும் 2000இல் செய்துவைத்தது டேவ் வைனரின் நிறுவனமே. என் பட்டியலில் 112 ஓடைகள்; கோப்பு ஒரு பாஸ்போர்ட் போட்டோ அளவுகூட இல்லை. நான் குறிப்பெழுதி நட்சத்திரம் போட்டுவைத்த இடுகைகளை இறக்க மறந்துபோனேன். எட்டு வருடத்து அடிக்கோடுகள் போயின. 112 முகவரிகள் பிழைத்தன.

அதற்குப் பிறகு வேறொரு இலவச சேவைக்குப் போனேன். கொஞ்ச நாளில், இலவசக்காரருக்கு இத்தனை ஓடைதான் என்று வரம்பு வந்தது. கணவர் உடல்நிலை சரியில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒரு வருடம் போனது. திரும்பி வந்து பார்த்தால், நீண்ட நாள் நுழையாததால் கணக்கை நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி இருந்தது. கோபப்பட்டுப் பயனில்லை. வாடகையே கொடுக்காமல் குடியிருந்தவள், காலி செய்யச் சொன்னார்கள் என்று யாரிடம் போய் முறையிடுவது?

*

சொந்த வீட்டில் ஓடை வைத்துக்கொள்ளும் ஆட்கள் கூகுள் ரீடர் பிறந்த ஆண்டிலேயே இருந்தார்கள். 2005இல் ஆண்ட்ரூ டோல்கோவ் 'டைனி டைனி ஆர்எஸ்எஸ்' நிரலைத் தொடங்கினார். 2012இல் பிரான்ஸில் மரியன் ஃப்ரெசினோ 'ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்' தொடங்கினார். 2013இல் ஃப்ரெடெரிக் கியோ தொடங்கிய 'மினிஃப்ளக்ஸ்' முதலில் பிஎச்பி மொழியில் இருந்து, பிறகு கோ மொழியில் திரும்ப எழுதப்பட்டது. மூன்றுமே திறந்த மூலம். யாரும் எடுத்துத் தம் கணினியில் ஓட்டலாம்.

2023இல் நான் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மூடி உடைந்து மூலையில் கிடந்த லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டோம். பாட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்ததால் கரண்ட் போனாலும் அரைமணி தாங்கும். தனியாக யுபிஎஸ் வேண்டாம். டெபியனின் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயரை வைப்பது வழக்கம். அந்த ஜூனில் வந்த 12ஆம் பதிப்பின் பெயர் புக்வோர்ம். புத்தகப் புழு! அந்துருண்டையும் வேப்பிலையும் போட்டு முப்பது வருடம் நான் எதிர்த்துப் போராடிய பகைவன் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அண்ணன் மகன் போனில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதலில் அப்பாச்சி என்ற வலைச் சேவையகம். பிறகு பிஎச்பியும் அதன் துணைப் பொதிகளும்: இணையத்தில் போய் எடுத்துவர ஒன்று, எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரிக்க ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளைச் சிதைக்காமல் கையாள ஒன்று. தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட், எல்லாத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும், தனியாக எதையும் ஓட்ட வேண்டாம். அதன் பிறகு கிட் கட்டளையால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸின் கோப்புறையை இறக்கினோம்.

அதற்குள் 'பி' என்று ஒற்றை எழுத்தில் ஒரு கோப்புறை. அதை மட்டுமே வலைக்குத் திறந்துவிட வேண்டும். மற்ற எல்லாம் உள்ளே பூட்டில் இருக்க வேண்டும் என்றான். இது எனக்குச் சொல்லிப் புரியவேண்டியதில்லை. வாசகர் மேசை வேறு, இருப்பறை வேறு. புத்தகங்களை வாசகர் கையெட்டும்படி திறந்து வைக்க வேண்டும் என்று வாதாடிய ரங்கநாதன்கூடச் சேர்ப்புப் பதிவேட்டை மேசையில் விரித்துப் போடச் சொல்லவில்லை.

கடைசியாகக் கிரான். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்கிற, யூனிக்ஸ் காலத்துக் காவல்காரன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடைகளைப் புதுப்பி என்று ஒரு வரி எழுத வேண்டும். அன்று அண்ணன் மகன் ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டான். நானே எழுதிவிடலாம் என்று, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருடைய அட்டவணையில் எழுதிவிட்டேன்.

இரவு முழுக்க நன்றாக ஓடியது. காலையில் காபியோடு உட்கார்ந்து 'புதுப்பி' பொத்தானை அழுத்தினால், பதிவேட்டில் வரிசையாக 'எழுத அனுமதியில்லை' என்று வந்தது. ஓடை ஓடையாக நீக்கிச் சேர்த்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மதியம் வரை போராடிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். கோப்புகளின் பட்டியலை வாசிக்கச் சொன்னான். பாதி வாசிப்பதற்குள் சிரித்துவிட்டான்.

"அத்தை, கிரானை ரூட் பேர்ல போட்டுட்டீங்க. ராத்திரி ரூட் வந்து கட்டிங் ஒட்டி வச்சிட்டுப் போயிருக்கான். காலையில வெப் சர்வர் வந்து தொட்டா, அது அவன் ஃபைல் இல்லையே, எப்படி எழுதுவான்?"

தலைமை நூலகர் சாவியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்ட நாட்களில், பீரோவுக்கு முன்னால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கோப்புகளை வலைச் சேவையகத்தின் பயனர் பெயருக்கு மாற்றி, கிரான் வரியையும் அதே பெயருக்கு எழுதினோம். ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வரியை நான் தொடவில்லை.

பிறகு போனில் படிப்பதற்கு ஒரு செயலி போட்டபோது ஒரு வேடிக்கை. இணைப்பு வகையைத் தேர்ந்தெடு என்ற இடத்தில் 'கூகுள் ரீடர்' என்று இருந்தது. செத்துப் பத்து வருடம் ஆனவர் பெயர் ரேஷன் கார்டில் இருப்பது போல. விசாரித்தால், கூகுள் ரீடரோடு செயலிகள் பேசிய மொழியைக் கூகுள் முறையாக வெளியிட்டதே இல்லையாம். நிரலாளர்கள் தாங்களாகவே ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டது. வீடு இடிந்தாலும் பேச்சு நிலைத்துவிட்டது. இன்று ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸும் போன் செயலிகளும் அந்த மொழியில்தான் பேசிக்கொள்கின்றன.

*

2013இல் இறக்கிய கோப்பை ஏற்றினேன். 112 பெயர்களும் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தன. பாதிக்கு மேல் எச்சரிக்கைக் குறி. சிலர் தளப் பெயருக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தார்கள். சிறுகதை எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம். சிலர் பதிவையே அழித்திருந்தார்கள். இன்னும் சிலருடைய ஓடை உயிரோடு இருந்தது, ஆனால் கடைசித் தேதி 2010, 2011. நான் எதையும் நீக்கவில்லை. 304 என்ற பதிலுக்கு என்ன செலவு?

பறவைக்காரரும் அப்படிக் கிடந்தவர்களில் ஒருவர். 2024 தையில் ஒருநாள் அவர் பெயர் தடித்து நின்றது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதியிருந்தார். பறவை இல்லை, ஊர் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரியதைப் பற்றி ஏழு பத்தி. எத்தனை உறை, எத்தனை கூடை சேறு, அடியில் கிடைத்த பித்தளைச் செம்பு யாருடையது என்று. உலகத்தில் எந்தப் பரிந்துரை இயந்திரமும் அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்காது. நான் அவர் பெயரை அட்டையில் எழுதிவைத்திருந்தேன், அதனால் வந்தது.

சொந்த வீடு என்றால் எல்லாம் நிரந்தரம் என்று சொல்ல வரவில்லை. 2025 அக்டோபரில் டைனி டைனி ஆர்எஸ்எஸ்ஸின் ஆண்ட்ரூ டோல்கோவ், இருபது வருடம் நடத்தியது போதும், நவம்பர் 1 அன்று தளத்தை மூடுகிறேன் என்று அறிவித்தார். ஆனால் அந்த அறிவிப்பால் அதை வைத்திருந்த யாருடைய வீட்டிலும் விளக்கு அணையவில்லை. நிரலும் தரவும் அவரவரிடம்; மூலநிரலை வேறு ஆட்கள் எடுத்து வளர்க்கிறார்கள். 2013 மார்ச்சில் நாங்கள் கேட்ட அறிவிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். இதற்காகத்தான் அந்த ஒரு நாள் மதியம் வரை நான் மல்லுக்கட்டினேன்.

எல்லோரும் மாடிப்படிக்கு அடியில் லேப்டாப் வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மின்கட்டணம் உண்டு, மாதம் ஒருமுறை புதுப்பிக்கும் வேலை உண்டு, தரவைப் பிரதி எடுக்கிற பொறுப்பு உண்டு. அதற்கு ஒரு அண்ணன் மகனும் வேண்டும். எந்தச் சேவையில் வேண்டுமானாலும் படியுங்கள். ஆனால் அமைப்புகளுக்குள் போய், ஓபிஎம்எல் ஏற்றுமதி என்ற பொத்தானைத் தேடி, இன்றைக்கே ஒருமுறை அழுத்துங்கள். வருகிற கோப்பைப் பென்டிரைவில் போட்டுத் தேதியை எழுதிவையுங்கள். தேதி இல்லாத கட்டிங் குப்பை.